பேசினால் படபடப்பு போகுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் கணவருக்கு 38 வயது. நான்கு மாதத்தில் மூன்று முறை நடு ராத்திரியில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, "எனக்கு என்னமோ ஆகுது" என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மூன்று முறையும் ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்கு ஓடியிருக்கிறார்கள். இசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு எல்லாமே நார்மல். இதய மருத்துவர் மனநல மருத்துவரிடம் அனுப்ப, அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, கூடவே சைக்கோதெரபிக்கும், அதாவது பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சைக்கும், போகச் சொல்லியிருக்கிறார். கணவர், "நான் என்ன பைத்தியமா?" என்கிறார். மாமியார், "பேசறதுக்கு மணிக்கு ஆயிரம் ரூபாயா? நம்ம வீட்டில பேச ஆளில்லையா?" என்கிறார். கேட்டவருக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்: பேசினால் என்ன மாறிவிடப் போகிறது?

நான் மதுரையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்த மூன்று பேர் கேட்டதில் மாமியாரின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. வீட்டில் பேச ஆள் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வீட்டில் என்ன பேசுகிறோம்? "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே." "மனசைத் திடமா வெச்சுக்கோ." "ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரே." நம் ஊரில் ஒருவர் வாயைத் திறந்து கஷ்டத்தைச் சொன்னால் அரை நிமிடத்தில் புத்திமதி வந்துவிடும். அன்பில் வருவதுதான், குறை சொல்லவில்லை. அந்தப் புத்திமதி வேலை செய்திருந்தால் மூன்றாவது முறை ஆட்டோ பிடித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

தெரபியில் புத்திமதி கிடையாது. கிடையாது என்பதைவிட, புத்திமதி சொல்லும் தெரபிஸ்ட் கிடைத்தால் ஆளை மாற்றுங்கள் என்றே சொல்வேன். அங்கே நடப்பது வேறு வேலை. அதை உங்கள் கணவருக்கு வருகிற படபடப்பை வைத்தே விளக்கிப் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் என்று நான் சொல்ல முடியாது. இரண்டு மருத்துவர்கள் பார்த்துச் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர். எல்லோருக்கும் அவ்வப்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். மாலையில் குடித்த இரண்டாவது காபியாக இருக்கலாம், தூக்கக் குறைவாக இருக்கலாம், மாடி ஏறியதாக இருக்கலாம். நாம் கவனிப்பதில்லை. இவர் கவனித்துவிடுகிறார். கவனித்த அடுத்த நொடி மனசுக்குள் ஒரு வரி ஓடுகிறது: "இது ஹார்ட் அட்டாக்." அந்த வரியைக் கேட்டு உடம்பு நிஜமாகவே பயப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் இன்னும் வேகம் எடுக்கிறது, மூச்சு இரைக்கிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். "பார்த்தியா, கையெல்லாம் மரத்துப்போச்சு, இது அட்டாக்கேதான்." வட்டம் முழுசாகிவிட்டது. இனி அதுவே தன்னைச் சுற்றிச் சுற்றி வேகமாக்கிக்கொள்ளும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விட்டு, பிறகு தானாக இறங்கிவிடும். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது பாதி சரியாகியிருக்கும், நீங்களே கவனித்திருப்பீர்கள்.

தூங்கும்போது வருகிறதே, அப்போது என்ன யோசனை ஓடும் என்று கேட்கலாம். தூக்கத்திலும் துடிப்பும் மூச்சும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். தெருவில் லாரி போனாலும் எழாத தாய், தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் விழித்துக்கொள்வாள். எதற்குக் காவல் இருக்கிறோமோ அதற்குத்தான் மூளை எழுப்பும். உங்கள் கணவரின் மூளை நான்கு மாதமாக அவருடைய நெஞ்சுக்குக் காவல் இருக்கிறது.

இந்த வட்டத்தை ஆக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-ல் ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதினார். அவர் சொன்னது எளிமையானது: படபடப்பு பிரச்சினை இல்லை, படபடப்புக்குக் கொடுக்கும் அர்த்தம்தான் பிரச்சினை. சரி, இதை உங்கள் கணவரிடம் இப்போதே படித்துக் காட்டலாம். "ஆமா, புரியுது" என்பார். அன்று ராத்திரி மறுபடியும் வரும். புரிவது வேறு, உடம்பு நம்புவது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்கத்தான் தெரபி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க, நான் பார்த்த மூன்று நான்கு பேரைக் கலந்து ஒருவராக்கியிருக்கிறேன். லேத் பட்டறை வைத்திருப்பவர், நாற்பதைத் தொடும் வயசு. முதல் நாள் உள்ளே வந்ததும் கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் சார்பிட்ரேட், அதாவது நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில். பேச்சுக்கு நடுவே வலது கை விரல்கள் தானாகப் போய் இடது மணிக்கட்டில் நாடி பிடிக்கும். பஸ்ஸில் ஏறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அன்று நான் அதிகம் பேசவில்லை. கேட்டது மட்டும்தான். கடைசியாக எப்போது வந்தது, எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், உடம்பில் முதலில் எந்த இடத்தில் தெரிந்தது, அந்த நொடி மனசில் ஓடிய வார்த்தை என்ன, பிறகு என்ன செய்தீர்கள், செய்ததும் என்ன ஆனது. நிமிடம் நிமிடமாக. முக்கால் மணி நேரம் ஐந்தே நிமிடக் கதைக்கு ஆனது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் அவர் சொன்ன வார்த்தைகளையே வைத்து அந்த வட்டத்தைப் போட்டோம். அவர் அதை மடித்து சார்பிட்ரேட் இருந்த அதே பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது முறை வந்தபோது, ஒரு நிமிடம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடச் சொன்னேன். நானும் கூடவே விடுவதாகச் சொல்லி, போனில் டைமர் வைத்தேன். இதய மருத்துவர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான் இதைச் செய்தோம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு இது கூடாது, வீட்டில் நீங்களாக முயலவும் வேண்டாம். நாற்பது நொடி தாண்டியிருக்கும். நிறுத்திவிட்டுத் தன் விரல்களையே பார்த்தார்.

"மேடம், இதேதான்."

"எது?"

"ராத்திரி வர்றது. இதே மாதிரிதான் கை ஜிவ்வுனு இழுக்கும். தலை இப்படித்தான் சுத்தும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "அப்ப மூச்சை வேகமா விட்டாலே இது வந்துருமா?"

அந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியிருந்தது. இதை முதல் நாளே நான் சொல்லியிருக்கலாம். அவருடைய மருத்துவர் சொல்லியும் இருந்தார். அப்போது காதில் விழுந்தது, இப்போது விரலில் தெரிந்தது. ஒன்றரை வருஷமாக "அட்டாக்குக்கு அடையாளம்" என்று அவர் நம்பிக்கொண்டிருந்த ஒன்றை, ஏசி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தானே வரவழைத்து, தானே போகவும் பார்த்துவிட்டார்.

அப்புறம் பஸ். அதற்கு ஒரு நோட்டு போட்டோம், நான்கு கட்டம்: என்ன செய்யப் போகிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நிச்சயம், என்ன நடந்தது. அவர் கையெழுத்தில் முதல் வரி இப்படி: "மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி ஒத்தக்கடை வரை. மயங்கி விழுவேன். 80." கடைசிக் கட்டத்தில் திரும்பி வந்து எழுதியது: "ஹைகோர்ட் தாண்டும்போது நல்லா அடிச்சது. வேர்த்தது. விழலை. ஒத்தக்கடையில் டீ." பேனிக்கில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும், மயக்கம் வருவதற்கு அது இறங்க வேண்டும். அதனால் விழுவது அபூர்வம். இதையும் வாயால் சொல்வதைவிட ஒத்தக்கடையில் இறங்கித் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் அந்த முதல் பயணத்தில் பாட்டிலும் சார்பிட்ரேட்டும் கூடவே போயின. "அது இருந்ததாலதான் தப்பிச்சேன்" என்றார். வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணிக்காயை அவிழ்த்துப் பார்க்காதவரை வீட்டைக் காப்பது அதுதான் என்றே தோன்றும். எங்கள் தொழிலில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்போம்: பையில் மாத்திரை, கதவோரம் இருக்கை, நாடி பார்ப்பது, பக்கத்தில் ஒரு ஆள். பயத்தைத் தணிப்பதற்காகச் செய்வதெல்லாம் பயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். பஸ் ஏறியதைவிட, சார்பிட்ரேட்டைப் பட்டறையில் விட்டுவிட்டு மேலூர் போய் வந்ததுதான் அவருக்குப் பெரிய நாள். மொத்தம் பதினோரு முறை வந்தார். கடைசி நாளில், படபடப்பே வருவதில்லையா என்று கேட்டேன். "ஹைகோர்ட் பக்கம் போனா சில நாள் இன்னமும் அடிக்கும் மேடம். அடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டியான நைஸ், பேனிக்குக்கு இந்த வகைத் தெரபி மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் போதும் என்கிறது. வருஷக்கணக்கில் போக வேண்டியதில்லை. உங்கள் மாமியாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மூன்று ராத்திரி எமர்ஜென்சிக்கும் டெஸ்ட்டுகளுக்கும் ஆன செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோபாவில் படுக்க வைத்துச் சின்ன வயசைக் கிளறுவார்களா என்ற பயமும் பலருக்கு உண்டு. அந்தப் படம் வியன்னாவிலிருந்து வந்தது. 1880-ல் பெர்தா பாப்பன்ஹைம் என்ற இளம்பெண், நோயாளியான அப்பாவைப் பராமரித்துக்கொண்டிருந்தபோது தானும் விழுந்தார்: கை விளங்கவில்லை, தாய்மொழியான ஜெர்மன் மறந்துபோய் ஆங்கிலம் மட்டும் வந்தது. யோசெஃப் பிராய்யர் என்ற மருத்துவர் தினமும் வந்து அவர் சொல்வதைக் கேட்டார். சொல்லச் சொல்லச் சில அறிகுறிகள் விலகின. "டாக்கிங் க்யூர்", அதாவது பேச்சு வைத்தியம், என்று பெயர் வைத்தது மருத்துவர் இல்லை, அந்தப் பெண்தான். "புகைபோக்கி சுத்தம் செய்வது" என்று வேடிக்கையாக இன்னொரு பெயரும் வைத்தார். 1895-ல் பிராய்யரும், இந்தச் சோபா வகையான உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டும் சேர்ந்து அவர் கதையை ஆன்னா ஓ. என்ற பெயரில் வெளியிட்டார்கள். புத்தகத்தில் வெற்றிக்கதை, நிஜத்தில் அதற்குப் பிறகும் அவர் மனநலச் சானடோரியத்தில் இருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அவர் பெரிய சமூக சேவகியாகி, 1904-ல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. நம் நாட்டிலும் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கி, பிராய்டுடன் கடிதத்தில் மல்லுக்கு நின்றார். ஆக, இது நேற்று வந்த நாகரிகம் ஒன்றுமில்லை.

இன்று பெரும்பாலோர் செய்வது அந்தச் சோபா வகை இல்லை. பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்பவர் அந்தச் சோபா மரபில் பயின்றவர்தான். மனச்சோர்வு என்பது பிறர்மேல் உள்ள கோபம் தன்மேல் திரும்புவது என்று பாடம். அதை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கனவில் கோபத்தைக் காணோம். தோல்வியும் இழப்பும்தான் இருந்தன, விழித்திருக்கும்போது அவர்கள் தங்களைப் பற்றி நினைப்பது போலவே. பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, அந்த நினைப்புகளையே எடுத்து "இது உண்மைதானா, சோதித்துப் பார்ப்போமா?" என்று நோயாளியோடு சேர்ந்து கேட்க ஆரம்பித்தார். 1960-களில் அது அறிவாற்றல் சிகிச்சை ஆனது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் நடத்தைச் சிகிச்சை ஏற்கெனவே தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இன்று சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, என்று எல்லோரும் சொல்வது. பெக் 100 வயது வாழ்ந்து 2021-ல் காலமானார்.

"சரி, இதற்கு ஆதாரம் உண்டா?" உண்டு, ஆனால் அது சண்டை போட்டு வந்த ஆதாரம். 1952-ல் லண்டனில் ஹான்ஸ் ஐசங்க் என்பவர், தெரபிக்குப் போனாலும் போகாவிட்டாலும் மூன்றில் இரண்டு பேர் தானாகவே சரியாகிவிடுகிறார்கள், பிறகு எதற்கு இது என்று போட்டு உடைத்தார். தொழிலே ஆடிப்போனது. கோபப்பட்டவர்கள் ஒருபக்கம், கணக்கெடுக்கக் கிளம்பியவர்கள் ஒருபக்கம். 1977-ல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தெரபி பெற்ற சராசரி நபர், பெறாதவர்களில் நான்கில் மூன்று பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. சண்டை இப்போது "பலன் உண்டா" என்பதில் இல்லை, "எது, யாருக்கு, ஏன்" என்பதில்தான்.

வெளிநாட்டுக் கதை நமக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. விக்ரம் படேல் குழுவினர் அதை 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். தெரபி கொடுத்தவர்கள் டாக்டர்களும் இல்லை, சைக்காலஜிஸ்டுகளும் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறிலிருந்து எட்டு முறை சந்திப்பு, தேவைப்பட்டால் வீட்டுக்கே போய். மனச்சோர்வில் மனுஷன் முடங்கிக்கிடப்பான், முடங்கிக்கிடப்பதால் சோர்வு கூடும். அதனால் மனசு வரும்வரை காத்திருக்காமல் சின்னச் சின்ன வேலையாகத் தொடங்க வைப்பது என்பதுதான் அதன் சாரம். மூன்று மாதத்தில் தெரபி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயில் இதுபோன்ற ஒன்றைப் பாட்டிமார்கள் ஆஸ்பத்திரி வளாகத்தில் மரப் பெஞ்சில் உட்கார்ந்து செய்கிறார்கள். 2006-ல் 14 பாட்டிமார்களோடு தொடங்கியது. அங்கே மனச்சோர்வுக்கு ஊர்ச்சொல், "ரொம்ப யோசிப்பது" என்பதுதானாம். நம் ஊரில் "ரொம்ப யோசிக்கிறாரு" என்று சொல்வது நினைவுக்கு வருகிறதா? உங்கள் மாமியாருக்கு இந்தப் பாட்டிமார் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே பேசலாமே என்ற அவர் வாதத்துக்கு இதில் ஆதரவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிகளுக்கு முறையான பயிற்சி உண்டு, முக்கியமாக, புத்திமதி சொல்லாமல் கேட்பதற்கு.

மாத்திரை பற்றி. சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத முடியாது, நிறுத்தவும் சொல்லக்கூடாது. அதனால் மனநல மருத்துவர் எழுதியதைக் கணவர் தொடரட்டும். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை என்றால் வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். முதல் சில நாள் படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும், அதற்குப் பயந்து பலர் நான்காம் நாளே தூக்கிப் போடுகிறார்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் வகையைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உடனே அடங்கும், ஆனால் நாள்பட்டால் பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. போதாக்குறைக்கு, "வந்தால் போட்டுக்கலாம்" என்று பையில் வைத்துத் திரியும்போது அதுவும் இன்னொரு சார்பிட்ரேட் ஆகிவிடும். மாத்திரையும் தெரபியும் எதிரிகள் இல்லை. பேனிக்கில் தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்கின்றன.

பேனிக்கை வைத்தே இவ்வளவு சொன்னதால் தெரபி என்றாலே பஸ் ஏற்றுவது என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பத் திரும்பக் கை கழுவுவது, சிலிண்டரை மூடினோமா என்று பத்து தடவை எழுந்து போவது போன்ற ஓசிடிக்கு வேறு முறை: சந்தேகத்தை வரவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கப் பழகுவது. லண்டனில் விக்டர் மேயர் 1966-ல் இதை எழுதும்வரை ஓசிடிக்குப் பெரிதாக வழியே இல்லை. கணவன் மனைவி சண்டைக்கு இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் செய்வது உண்டு. துக்கத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் உத்தி எதுவும் வேண்டாம். கூட இருந்து கேட்கத் தெரிந்த ஆள் போதும், பல நேரம் தெரபியே வேண்டாம். என் அனுபவத்தில், பேனிக், ஓசிடி போன்றவற்றில் முறை சரியாக இருக்க வேண்டும்; மற்ற பலவற்றில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது முறைக்குச் சமமான எடை.

பலிக்காத இடங்களும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஒருவர் தவிக்கும்போது முதலில் மருந்துதான். தெரபி பிறகு துணைக்கு வரும். விபத்து, பேரிடர் நடந்த கையோடு ஆட்களைப் பிடித்து உட்கார வைத்து "நடந்ததையெல்லாம் கொட்டுங்கள்" என்று ஒரே அமர்வில் பேச வைப்பது ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல்கூட. கொட்டித் தீர்த்தால் மனசு லேசாகிவிடும் என்ற எண்ணம் எப்போதும் சரியில்லை. நல்லபடியாகச் செய்தும் குணமாகாதவர்கள் என்னிடமே இருக்கிறார்கள்.

யாரிடம் போவது என்பதில் கொஞ்சம் உஷாராக இருங்கள். கவுன்சிலர் என்று போர்டு மாட்ட இங்கே யாரும் தடுப்பதில்லை. ஆழ்மனதைத் திறக்கிறோம், முன்ஜென்மத்தைப் பார்க்கிறோம், மூன்றே நாளில் பயம் போகும் என்று வரும் விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். ஆர்சிஐ நம்பர் என்று கேட்டால் கோபப்படாமல் சொல்ல வேண்டும். கோபப்பட்டால் அதுவே பதில். முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: "பேனிக்குக்கு என்ன முறையில் செய்வீர்கள்?", "ஏறக்குறைய எத்தனை தடவை?" இரண்டுக்கும் நேரான பதில் வர வேண்டும். நான்கைந்து தடவை போயும் வீட்டுக்கு ஒரு பயிற்சிகூடக் கொடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தால், உங்கள் கணவரின் பிரச்சினைக்கு அது தெரபி ஆகாது. அங்கே மாமியார் சொன்னதுதான் சரி.

காசு கஷ்டம் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கூட்டமாக இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் இலவசம். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம், அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். 2022 அக்டோபரில் தொடங்கிய, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். யாருக்காவது உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், அல்லது நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே தெரிந்துவிடுமோ என்ற கவலைக்கு: மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, அவர் சொன்னதை நான் உங்களிடம்கூடச் சொல்லக்கூடாது.

கடைசியாக, "நான் என்ன பைத்தியமா?" அவரோடு இதை வாதாடி ஜெயிக்க முடியாது. வாதாடவும் வேண்டாம். நம் ஆட்களுக்கு மனசு வலிக்கும்போது உடம்பில்தான் பேசும்: கேஸ், எரிச்சல், குடைச்சல், படபடப்பு. அந்த வாசல் வழியாகவே போங்கள். "எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தபின் பிசியோதெரபிக்குப் போகிற மாதிரி, இந்தப் படபடப்புக்கு ஒரு பயிற்சி இருக்காம், நாலு தடவை போய்ப் பார்ப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்." இதில் பொய் எதுவும் இல்லை. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்க வேண்டும் என்பது 1950-களின் இறுதியிலிருந்து வரும் வழக்கம். வீட்டார் கற்றுக்கொள்ளாவிட்டால் கற்றதெல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. படபடப்பு வரும்போது நீங்கள் அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறீர்கள், பிபி மெஷினை எடுக்கிறீர்கள், "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று பத்து தடவை சொல்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பான மனைவி செய்வதுதான். ஆனால் லேத்காரருக்குச் சார்பிட்ரேட் எப்படியோ, உங்கள் கணவருக்கு உங்கள் கை அப்படி ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரேயடியாக விலக வேண்டாம். பகலில், நன்றாக இருக்கும்போது, இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: அடுத்த முறை பிபி மெஷின் அலமாரியில் இருக்கட்டும், பத்து நிமிடம் சேர்ந்து உட்காருவோம் என்று. மேலே நான் எழுதிய வட்டத்தை அவரே கையால் ஒரு தாளில் போட்டு வைக்கட்டும். இது வழக்கமாக வரும் அதே படபடப்புக்கு மட்டும்தான். நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிறது, கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது, இதுவரை வராத மாதிரி ஏதோ வருகிறது என்றால் தயங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றபடி, அடுத்த முறை ராத்திரி அவர் எழுந்து உட்கார்ந்தால் விளக்கைப் போட்டு, அந்தத் தாளை எடுத்துக் கையில் கொடுத்து, "இப்ப இதில எந்த இடத்தில இருக்கீங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் வைத்துக் காட்டட்டும்.